74,157 வித்தியாசமும் எட்டு லட்சம் ஓட்டும்: கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தல், 2010

2010 நவம்பர் 2 அன்று நடந்த கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் வாங்கியது 44,42,781 ஓட்டு. குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கூலி வாங்கியது 43,68,624. வித்தியாசம் 74,157, அதாவது பதிவானதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஹாரிஸின் அரசியல் பயணத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள். பட்டியலில் அதற்குக் கீழே இன்னும் நாலு வரி இருக்கிறது. பசுமைக் கட்சியின் பீட்டர் ஆலன் 2,58,879. அரசின் தலையீடு குறைய வேண்டும் என்கிற லிபர்டேரியன் கட்சியின் டிமோத்தி ஹனன் 2,46,583. அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் கட்சியின் டயான் டெம்பிளின் 1,69,993. பீஸ் அண்ட் ஃப்ரீடம் கட்சியின் ராபர்ட் எவன்ஸ் 1,60,416.

நாலையும் கூட்டினால் 8,35,871. வெற்றி வித்தியாசத்தைப் போல 11 மடங்குக்கும் மேல்.

இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததும் எவருக்கும் வாயில் வருவது "ஓட்டைப் பிரித்துவிட்டார்கள்" என்பதுதான். யார் ஓட்டை யார் பிரித்தார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. இந்தத் தேர்தலை நான் எடுத்துக்கொண்டதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு: கலிஃபோர்னியாவில் மூன்றாம் கட்சிக்காரர்கள் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நவம்பர் வாக்குச்சீட்டில் நின்ற கடைசித் தேர்தல் இதுதான்.

முதலில் பதவியைப் பற்றி. இந்தியாவில் மாநில அரசின் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். அவர் அரசுக்காக நீதிமன்றத்தில் வாதாடுகிறார், ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் மாறுவார். அமெரிக்காவில் கதை வேறு. 50 மாநிலங்களில் 43-இல் அட்டர்னி ஜெனரலை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர் ஒரு கட்சி, அட்டர்னி ஜெனரல் எதிர்க்கட்சி என்று இருப்பதெல்லாம் அங்கே சாதாரணம். கலிஃபோர்னியாவில் அந்தப் பதவிக்குக் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் வேலை செய்கிறார்கள். மேல்முறையீட்டில் மரண தண்டனையை அரசு சார்பில் தாங்கிப் பேசுவது, பெரிய நிறுவனங்கள் மேல் நுகர்வோர் வழக்குப் போடுவது, சுற்றுச்சூழல் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது எல்லாம் அந்த அலுவலகம்தான். மக்கள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் முன்மொழிவுகளுக்கு வாக்குச்சீட்டில் அச்சாகும் தலைப்பையும் சுருக்கத்தையும் எழுதுவதும் அவர்களே. இந்தக் கடைசி அதிகாரம் சின்னதாகத் தெரியும், ஆனால் தலைப்பைப் படித்துவிட்டு மட்டுமே ஓட்டுப் போடும் லட்சக்கணக்கானவர்கள் இருக்கிற மாநிலம் அது.

யார் வேண்டுமானாலும் இந்தப் பதவிக்கு நின்றுவிட முடியாது. தேர்தலுக்கு முந்தைய ஐந்தாண்டுகள் மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் தகுதி இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இரண்டு தடவை ஆளுநராக இருந்த ஜெர்ரி பிரவுன் 2006-இல் இந்தப் பதவிக்கு நின்றபோது, அவருடைய வழக்கறிஞர் பதிவு சில காலம் செயலில் இல்லாமல் இருந்தது என்று சொல்லிக் குடியரசுக் கட்சிக்காரர்கள் வழக்கே போட்டார்கள். அது நிற்கவில்லை, அவர் ஜெயித்தார். சின்னக் கட்சிகளுக்கு இந்த விதி கொஞ்சம் பாரம். ஆளுநர் பதவிக்கு ஆசிரியரையோ தொழிலாளியையோ நிறுத்தலாம். இதற்கு வழக்கறிஞர்தான் வேண்டும், அதுவும் தோற்பது உறுதி என்று தெரிந்தே நிற்கத் துணிந்தவர் வேண்டும். 2010-இல் நாலு கட்சிகளுக்கும் அப்படி ஆள் கிடைத்தது.

பெரிய கட்சிகள் இரண்டும் மாவட்ட அரசு வழக்கறிஞர்களை நிறுத்தின. ஹாரிஸ் அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்தப் பதவியில் இருந்தார். தாய் ஷியாமளா கோபாலன் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர், தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரம். 2024-இல் அந்த ஊர்க் கோயிலில் நடந்த பூஜைகளை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2010-இல் நம் ஊர்ப் பக்கம் அவர் பெயர் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கூலி லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் அதே பதவிக்கு மூன்று தடவை ஜெயித்தவர். கறாரான குடியரசுக் கட்சிக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. மூன்றாவது குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை என்ற கடுமையான சட்டத்தைச் சின்னக் குற்றங்களுக்குப் பயன்படுத்துவதில்லை என்று தன் அலுவலகத்தில் கொள்கையே வைத்திருந்தார். கட்சியின் உள்தேர்தலில் அவருக்கு வலதுபக்கமிருந்து போட்டி கொடுத்து இரண்டாவதாக வந்தவர் ஜான் ஈஸ்ட்மன். ஆமாம், 2020 தேர்தல் முடிவைப் புரட்டப் பார்த்தபோது டிரம்புக்குச் சட்ட ஆலோசனை சொன்ன அதே ஈஸ்ட்மன்.

மோதல் நடந்தது மரண தண்டனையை வைத்து. 2004-இல் ஹாரிஸ் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் இளம் காவல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று ஹாரிஸ் சில நாட்களுக்குள் அறிவித்தார். இறுதிச் சடங்கு மேடையிலேயே அவருடைய சொந்தக் கட்சியின் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அதை எதிர்த்துப் பேசினார். ஆறு வருடம் கழித்து அந்த வழக்கை வைத்தே குடியரசுக் கட்சிச் சார்பு அமைப்பு ஒன்று கடைசி நாட்களில் சுமார் 10 லட்சம் டாலர் செலவில் விளம்பரம் போட்டது. ஹாரிஸ் பக்கத்துக்குக் கிடைத்த ஆயுதம் கூலியின் வாயிலிருந்தே வந்தது. அக்டோபர் 5 அன்று டேவிஸில் உள்ள பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் விவாதம். லாஸ் ஏஞ்சலஸ் ஓய்வூதியத்தையும் புதிய பதவியின் சம்பளத்தையும் சேர்த்து வாங்குவீர்களா என்று ஒரு கேள்வி. வாங்குவேன், உழைத்துச் சம்பாதித்தது அது, இந்தப் பதவியின் சம்பளம் ரொம்பக் குறைவு என்கிற மாதிரி பதில் சொன்னார். சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 1,50,000 டாலர். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்கள் நிரம்பிய வருடம் அது. ஹாரிஸ் தரப்பு அந்தத் துண்டை அப்படியே எடுத்துத் தொலைக்காட்சி விளம்பரமாக்கியது.

அந்த விவாத மேடையில் இரண்டு நாற்காலிதான். நாலு பேரில் ஒருவரும் அங்கே இல்லை.

நாலு பேர் எதற்கு நின்றார்கள்

ஜெயிக்க முடியாது என்று அவர்களுக்கே தெரியும். அமெரிக்காவில் மூன்றாம் கட்சியிலிருந்து அட்டர்னி ஜெனரல் ஆனவர்கள் இல்லாமல் இல்லை. மினசோட்டாவில் விவசாயி-தொழிலாளர் கட்சியின் ஹாரி பீட்டர்சன் 1932-இல் ஜெயித்தார். விஸ்கான்சினில் முற்போக்குக் கட்சியின் ஆர்லண்ட் லூமிஸ் 1936-இல். இரண்டும் பெருமந்தக் காலம், இரண்டு கட்சிகளும் அந்தந்த மாநிலத்தில் ஆளுநர் நாற்காலியையே பிடித்திருந்தவை. கலிஃபோர்னியாவின் நாலு கட்சிகளும் அந்த வகை அல்ல.

அவர்கள் நின்றதற்கு ஒரு மிக நடைமுறையான காரணம் உண்டு. அப்போதைய தேர்தல் சட்டப்படி, ஒரு கட்சி வாக்குச்சீட்டில் தன் இடத்தைத் தக்கவைக்க வேண்டுமானால் ஆளுநர் தேர்தல் நடக்கும் வருடத்தில் மாநில அளவிலான ஏதாவது ஒரு பதவியில் 2 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். எந்தப் பதவி என்றாலும் சரி. அதைத் தவறவிட்டால் மறுபடி லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்க வேண்டும், அல்லது பல்லாயிரக்கணக்கில் வாக்காளர்களைத் தங்கள் கட்சியில் பதிய வைக்க வேண்டும். பீஸ் அண்ட் ஃப்ரீடம் கட்சி 1998-இல் தவறவிட்டது. திரும்பி வர 2003 ஆகிவிட்டது.

2 சதவீதத்தை எங்கே தேடுவது? ஆளுநர் பதவியில் தேடக்கூடாது. அங்கே எல்லாருக்கும் பயம், ஓட்டு வீணாகிவிடும் என்று. 2010-இல் ஆளுநர் பதவிக்கு பிரவுனும் ஈபே நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மெக் விட்மனும் மோதினார்கள். பசுமைக் கட்சியின் லாரா வெல்ஸுக்குக் கிடைத்தது 1.3 சதவீதம். அவர் அக்டோபரில் சான் ரஃபேலில் நடந்த ஆளுநர் விவாதத்துக்கு வெளியே அத்துமீறி நுழைந்ததாகக் கைதானார். கட்சிக்குக் கிடைத்த பெரிய செய்தி அதுதான் என்றே சொல்லலாம். அதே நாள், அதே வாக்குச்சீட்டு, சில கட்டம் கீழே அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அதே கட்சி 2.7 சதவீதம் வாங்கியது. லிபர்டேரியன் கட்சி 1.5-இலிருந்து 2.6 ஆனது. பீஸ் அண்ட் ஃப்ரீடம் 0.9-இலிருந்து 1.7.

அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் கட்சிக்கு மட்டும் பெரிய மாற்றம் இல்லை: மேலே 1.7, கீழே 1.8. இது எனக்கு சுவாரசியமாகப் படுகிறது. மற்ற மூன்று கட்சிகளின் வாக்காளர்கள் கணக்குப் போட்டு ஓட்டுப் போடுகிறவர்கள். மேலே பெரிய கட்சிக்கு, கீழே மனசுக்குப் பிடித்தவருக்கு. இந்தக் கட்சியின் ஓட்டு அப்படி ஏறி இறங்கவில்லை. அலபாமாவின் முன்னாள் ஆளுநரான இனவாதி ஜார்ஜ் வாலஸை 1968-இல் அதிபர் வேட்பாளராக நிறுத்துவதற்காகப் பிறந்த கட்சி இது. ஆனால் கலிஃபோர்னியாவில் இதன் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு அந்த வரலாறே தெரியாது. எந்தக் கட்சியும் சாராத சுயேச்சையாகப் பதிவதாக நினைத்துப் பெயரைப் பார்த்து இந்தக் கட்சியில் பதிந்துவிடுகிறார்கள். 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விசாரித்தபோது, கேட்கப்பட்டவர்களில் நாலில் கிட்டத்தட்ட மூன்று பேர் அப்படித் தவறாகச் சேர்ந்தவர்கள். ஆக, டெம்பிளினின் 1,69,993 ஓட்டில் எவ்வளவு பழமைவாத ஓட்டு, எவ்வளவு "எந்தக் கட்சியும் வேண்டாம்" ஓட்டு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டெம்பிளின் புதியவர் அல்ல. 1996-இல் அதிபர் பதவிக்கே நின்றவர், 2002-இல் இதே அட்டர்னி ஜெனரல் பதவிக்கும் நின்றவர். ஆனாலும் அவர் பெயருக்காக விழுந்த ஓட்டை விடக் கட்சிப் பெயருக்காக விழுந்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இந்த மாதிரி ஓட்டில் கலந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வேட்பாளர் வரிசையைக் குலுக்கல் முறையில் எழுத்து வரிசை போட்டுத் தீர்மானிப்பார்கள். மாநிலப் பதவி என்றால் சட்டமன்றத் தொகுதிக்குத் தொகுதி அந்த வரிசை சுழலும். டேனியல் ஹோ, கொசுகே இமாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1978 முதல் 2002 வரையிலான தேர்தல்களை இந்தக் குலுக்கலை வைத்து அலசினார்கள். பொதுத்தேர்தலில் முதல் பெயராக வருவதால் பெரிய கட்சிகளுக்குக் குறிப்பிடும்படி லாபம் இல்லை, சின்னக் கட்சிகளுக்குத்தான் உண்டு என்று வந்தது. அதாவது, அந்த ஓட்டில் ஒரு பங்கு கொள்கைக்கு, ஒரு பங்கு கோபத்துக்கு, ஒரு சின்னப் பங்கு கண்ணில் முதலில் பட்டதற்கு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த ஓட்டில் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்றைய வாக்குச்சீட்டில் முன்மொழிவு 19 என்று ஒன்று இருந்தது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது. அது தோற்றது, ஆனால் 46.5 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். கூலி அதைக் கடுமையாக எதிர்த்தார். லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவக் கஞ்சாக் கடைகளில் பெரும்பாலானவை சட்டவிரோதம் என்று முந்தைய வருடமே அறிவித்திருந்தவர் அவர். ஹாரிஸும் எதிர்த்தார். வாக்காளர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆதரித்த ஒன்றை, அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போகும் பதவிக்கு நின்ற இரண்டு பெரிய வேட்பாளர்களும் எதிர்த்தார்கள். ஆதரித்தவை பசுமை, லிபர்டேரியன் போன்ற கட்சிகள்தான். மரண தண்டனையிலும் கிட்டத்தட்ட இதே நிலைமை. தனிப்பட்ட முறையில் எதிர்ப்பவர்தான் ஹாரிஸ், ஆனால் பதவிக்கு வந்தால் சட்டத்தைத் தாங்கிப் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், அதைக் காப்பாற்றவும் செய்தார். 2014-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி கலிஃபோர்னியாவின் மரண தண்டனை முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னபோது மேல்முறையீட்டுக்குப் போனவர் அவர்தான். மரண தண்டனை கூடவே கூடாது என்று நினைத்த வாக்காளருக்குப் பசுமைக் கட்சியின் கட்டம் வெறும் அடையாளம் அல்ல.

ஓட்டைப் பிரித்தது யார்

சரி, கணக்குக்கு வருவோம். கட்சிகளை அவற்றின் வழக்கமான இடத்தில் வைத்துப் பார்க்கலாம். பசுமைக் கட்சியும் பீஸ் அண்ட் ஃப்ரீடமும் இடது. இரண்டும் சேர்ந்து 4,19,295. லிபர்டேரியனும் அமெரிக்கன் இண்டிபெண்டன்டும் வலது. இரண்டும் சேர்ந்து 4,16,576.

எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 2,719. நாலு பேரும் நிற்காமல், இடது ஓட்டு முழுக்க ஹாரிஸுக்கும் வலது ஓட்டு முழுக்கக் கூலிக்கும் போயிருந்தால் ஹாரிஸ் 76,876 ஓட்டில் ஜெயித்திருப்பார். நிஜத்தில் ஜெயித்தது 74,157-இல். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையைப் போட்டு எடுத்த மாதிரி.

இதை ஆதாரமாக வைத்து "மூன்றாம் கட்சிகளால் ஒரு பாதிப்பும் இல்லை" என்று முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கணக்கின் அடிப்படையே கொஞ்சம் ஆட்டம் காணும். ஒரு கட்சியின் ஓட்டு முழுக்க ஒரே பக்கம் போகும் என்று நாம் எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் அப்படிப் போவதில்லை. 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரை 537 ஓட்டில் ஜெயித்தார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் 97,488 வாங்கியிருந்தார். நேடர் இல்லையென்றால் எல்லாம் கோருக்குத்தான் என்று ஊரே பேசியது. மைக்கேல் ஹெரன், ஜெஃப்ரி லூயிஸ் இருவரும் அந்த மாநில வாக்குச்சீட்டுகளையே எடுத்து அலசியபோது, நேடர் வாக்காளர்கள் கோர் பக்கம் சாய்வது சுமார் 60 சதவீதம்தான் என்று வந்தது. 537-க்கு அதுவே தாராளம். 74,157 என்றால் நிலைமை வேறு.

ஒரே ஒருவரை மட்டும் எடுத்துப் பார்ப்போம். லிபர்டேரியன் ஹனன் நிற்கவில்லை, மற்ற மூவரும் நின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 2,46,583 ஓட்டிலிருந்து கூலிக்கு நிகரமாக 74,158 கூடியிருந்தால் போதும், முடிவு மாறும். 30 சதவீதம். எல்லாரும் மறுபடி ஓட்டுப் போட்டு, 65 பேர் கூலிக்கும் 35 பேர் ஹாரிஸுக்கும் என்று பிரிந்தாலே கிட்டத்தட்ட அது வந்துவிடும். கேட்க நடக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது. ஆனால் லிபர்டேரியன் ஓட்டுப் போட்டவர்கள் யார்? கஞ்சாவுக்கு ஆதரவு, அரசு ஓய்வூதியத்தைக் கண்டால் எரிச்சல், காவல்துறைச் சங்கங்கள் மேல் சந்தேகம். கூலியோ கஞ்சாவை எதிர்த்தவர், இரட்டை வருமானம் வாங்குவேன் என்று மேடையில் சொன்னவர், காவல்துறைச் சங்கங்களின் ஆதரவோடு நின்றவர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு வீட்டிலேயே இருந்திருந்தால், மிச்சமிருப்பவர்களில் 70-க்கும் மேற்பட்ட சதவீதம் கூலிக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஆலனை மட்டும் எடுத்துவிட்டால் ஹாரிஸின் வித்தியாசம் இன்னும் பெரிதாகியிருக்கும், முடிவு தெரிய மூன்று வாரம் யாரும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது. ஆக, "கெடுத்தவர்" என்ற பட்டம் நாம் யாரைப் பட்டியலிலிருந்து நீக்கிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. தோற்ற பக்கத்துக்கு நெருக்கமானவரை மட்டும் நீக்கிப் பார்ப்பது வழக்கம். அதனால்தான் அந்தப் பட்டம் எப்போதும் யார் மேலாவது விழுந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு எண்ணை ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஆளுநர் கட்டத்தில் ஓட்டுப் போட்டவர்களைவிட அட்டர்னி ஜெனரல் கட்டத்தில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் நாலரை லட்சம் குறைவு. வாக்குச்சாவடிக்குப் போனவர்கள், அல்லது தபாலில் சீட்டை நிரப்பியவர்கள், இந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டார்கள். வெற்றி வித்தியாசத்தைப் போல ஆறு மடங்கு. ஓட்டைக் கெடுத்தது என்று குற்றம் சாட்ட வேண்டுமானால் இவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அவர்களுக்கு முகம் இல்லை, கட்சி இல்லை, அதனால் தப்பித்துக்கொள்கிறார்கள்.

தேர்தல் இரவில் கூலி மேடையேறி வெற்றி உரை நிகழ்த்தினார். சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் தன் தளத்தில் அவர் ஜெயித்ததாகவே போட்டது. எண்ணப்படாமல் இருபது லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பாக்கி இருந்தன. கடைசி நேரத்தில் வந்த தபால் ஓட்டு, கையெழுத்துச் சரிபார்க்க வேண்டியவை, தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தற்காலிகச் சீட்டுகள். மாவட்டங்கள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்தன. லாஸ் ஏஞ்சலஸில், கூலியின் சொந்த மாவட்டத்தில், ஹாரிஸ் பெரிய வித்தியாசத்தில் முன்னேறினார். நவம்பர் 24 அன்று கூலி தோல்வியை ஒப்புக்கொண்டார். 2011 ஜனவரி 3 அன்று ஹாரிஸ் பதவியேற்றார்.

அதே சீட்டில் வந்த முடிவு

இந்த நாலு பேரும் 2010 ஜூன் 8 அன்று நடந்த முதன்மைத் தேர்தலில், அதாவது கட்சிகளின் உள்தேர்தலில், தத்தம் கட்சியின் வேட்பாளர்களானார்கள். அதே நாள், அதே வாக்குச்சீட்டில் முன்மொழிவு 14 என்று ஒன்று இருந்தது. கட்சிவாரி முதன்மைத் தேர்தலை ஒழித்துவிட்டு, எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஜூனில் ஒரே பட்டியலில் நிறுத்தி, அதில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் நவம்பருக்குப் போவது என்பது அதன் சாரம். அந்த இருவரும் ஒரே கட்சியாகக்கூட இருக்கலாம். நவம்பரில் வேறு பெயரைக் கையால் எழுதிப் போடும் உரிமையும் கிடையாது. 53.7 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. நாலு பேரையும் வேட்பாளர்களாக்கிய சீட்டே அவர்கள் வந்த வழியையும் அடைத்தது. சட்டம் அடுத்த வருடம்தான் அமலுக்கு வந்ததால் அந்த ஒரு நவம்பருக்கு மட்டும் தப்பித்தார்கள்.

அது வாக்குச்சீட்டுக்கு வந்த கதையும் சொல்ல வேண்டியது. 2009 பிப்ரவரியில் மாநில பட்ஜெட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது, குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுக் குறைந்தது. சாண்டா மரியாவின் செனட்டர் ஏபல் மால்டொனாடோ போடுகிறேன் என்றார், ஆனால் இந்தத் திருத்தத்தை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஆளுநர் ஷ்வார்ஸ்நெகருக்கும் இதில் விருப்பம். தீவிரக் கட்சிக்காரர்கள் குறைந்து நடுநிலைக்காரர்கள் ஜெயிப்பார்கள் என்பது வாதம். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று எல்லாக் கட்சிகளும் எதிர்த்தன. எதிர்த்து ஓட்டுப் போட்ட மாவட்டங்கள் இரண்டே இரண்டு: இடதுசாரிக் கோட்டையான சான் ஃபிரான்சிஸ்கோவும், அன்றைக்கு வலதுசாரிக் கோட்டையாக இருந்த ஆரஞ்சு கவுண்ட்டியும். மால்டொனாடோ அப்புறம் துணை ஆளுநராக நியமிக்கப்பட்டார்; நவம்பரில் அதே பதவிக்கு நின்று கவின் நியூசமிடம் தோற்றார்.

"கதவை அடைக்கவில்லையே, ஜூனில் எல்லாரும் நிற்கலாமே" என்பது இதை ஆதரிப்பவர்களின் பதில். காகிதத்தில் சரிதான். நடைமுறையில் ஜூனில் ஓட்டுப் போடுகிறவர்கள் குறைவு, பெரும்பாலும் வயதானவர்கள், கட்சிப் பற்று உள்ளவர்கள். மூன்றாம் கட்சிக்கு ஓட்டு விழுவது கடைசி நேர அலுப்பில், அக்டோபர் விளம்பரங்களைப் பார்த்துச் சலித்த பிறகு. அந்த நேரத்தில் அவர்கள் சீட்டில் இருக்க மாட்டார்கள். பசுமை, லிபர்டேரியன், பீஸ் அண்ட் ஃப்ரீடம் மூன்று கட்சிகளும் நீதிமன்றம் போயின. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் மறுத்துவிட்டது. ஜூனில் எல்லாருக்கும் சமவாய்ப்பு இருக்கிறது, பொதுத்தேர்தலைப் பிரச்சார மேடையாகப் பயன்படுத்தும் உரிமை என்று தனியாக ஒன்று இல்லை என்பது அதன் நிலைப்பாடு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் 8,35,871 பேர் நவம்பரில் போட்ட ஓட்டை வெறும் பிரச்சார மேடை என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை.

2 சதவீத விதிக்கும் இதோடு அர்த்தம் போய்விட்டது. நவம்பர் சீட்டிலேயே இல்லாதவர் எப்படி 2 சதவீதம் வாங்குவது? 2014-இல் சட்டத்தை மாற்றி, மொத்த வாக்காளர்களில் 0.33 சதவீதம் பேர் உறுப்பினராக இருந்தால் கட்சி நிலைக்கும் என்று வைத்தார்கள். கட்சிகள் பிழைத்தன. வேட்பாளர்கள் பிழைக்கவில்லை.

நியூயார்க்கில் வேறு வழி. அங்கே ஒரே வேட்பாளரைப் பல கட்சிகள் தங்கள் வரிசையில் நிறுத்தலாம், எல்லா வரிசை ஓட்டும் ஒன்றாகக் கூட்டப்படும். இன்றைய நியூயார்க் அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் 2003-இல் நகர சபைக்கு முதன்முதலாக ஜெயித்தது ஒர்க்கிங் ஃபேமிலீஸ் என்ற சின்னக் கட்சியின் வரிசையில் மட்டும் நின்றுதான். கலிஃபோர்னியாவில் அந்த ஏற்பாடு இல்லை.

2014-இல் ஹாரிஸ் மறுபடி நின்றார். லிபர்டேரியன் வேட்பாளர் ஜோனதன் ஜேக் ஜூனோடு வெளியேறினார். 2022-இல் ஆன் மேரி ஷூபர்ட் எந்தக் கட்சியும் சாராமல் நின்று பார்த்தார். இவர் சாதாரண ஆள் அல்ல. சாக்ரமெண்டோ மாவட்ட அரசு வழக்கறிஞர், 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்று பெயரெடுத்த தொடர் கொலைகாரனின் வழக்கை நடத்தியவர், மாநிலம் முழுக்கத் தெரிந்த முகம். ஜூனில் நாலாவது இடம்தான் கிடைத்தது. அவருக்கும் கீழே பசுமைக் கட்சியின் டான் கபெலோவிட்ஸ். நவம்பருக்குப் போனது ஜனநாயகக் கட்சியின் ராப் போன்டாவும் குடியரசுக் கட்சியின் நேதன் ஹாக்மனும்.

சட்டமன்றத் தொகுதிகளில் சின்னக் கட்சிகள் ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. ஒரே ஒருவர் மட்டும் மனுப் போட்டிருக்கும் தொகுதியாகப் பார்த்து, ஜூனில் தங்கள் ஆளின் பெயரைக் கையால் எழுதிப் போடச் சொல்வார்கள். சில நூறு ஓட்டு கிடைத்தாலும் இரண்டாமிடம், நவம்பர் சீட்டில் பெயர் வந்துவிடும். அட்டர்னி ஜெனரல் பதவிக்கு இது ஒத்துவராது. அங்கே இரண்டு பெரிய கட்சிகளும் ஆள் நிறுத்தாமல் இருப்பதில்லை. 2014, 2018, 2022 மூன்று நவம்பரிலும் அந்தக் கட்டத்தில் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர், ஒரு குடியரசுக் கட்சிக்காரர், அவ்வளவுதான்.